இதுக்கெல்லாமா சண்டை? தையல் கடையில் அடிக்கடி கேட்ட கேள்விகள்

கன்னியாகுமரி மாவட்டத்தில், குழித்துறைக்கும் களியக்காவிளைக்கும் நடுவில், மெயின் ரோட்டை விட்டுக் கொஞ்சம் உள்ளே தள்ளி, 22 வருஷமாகத் தையல் கடை வைத்திருக்கிறேன். ஞாயிறு காலையில் ஓய்வுநாள் பாடசாலையில் பெரிய பிள்ளைகளின் வகுப்பும் என்னுடையது. அளவு கொடுக்க வருகிறவர்கள் கையைத் தூக்கிக்கொண்டு நிற்கும்போது மனதையும் சேர்த்துத் திறந்துவிடுகிறார்கள், இஞ்ச் டேப்புக்கு அப்படி ஒரு ராசி. பேச்சு சுற்றிச் சுற்றி ஒரே இடத்தில்தான் வந்து நிற்கும்: ஒன்றுமில்லாத ஒரு விஷயம், அதில் வந்த பிணக்கு, விசுவாசியாக இருந்துகொண்டு இப்படி நினைக்கலாமா என்கிற உறுத்தல். ஒரே பதிலைப் பத்துப் பேருக்குச் சொல்லி அலுத்துப்போனதால், மகள் சொன்னபடி இங்கே எழுதி வைக்கிறேன். நான் போதகர் இல்லை, வேதாகமக் கல்லூரி வாசலை மிதித்ததும் இல்லை. தப்பு இருந்தால் சொல்லுங்கள், பிரித்துத் தைக்கலாம்.

சின்ன விஷயம், பெரிய விஷயம்னு எப்படி பிரிக்கது? எனக்கு எல்லாமே பெருசாத்தான் தெரியுது.

அந்த நேரத்தில் எல்லாருக்கும் அப்படித்தான் தெரியும். நான் எனக்கென்று ஒரு அளவு வைத்திருக்கிறேன். இதை அப்படியே விட்டுவிட்டால் யாருக்கு என்ன போகும்? என் கௌரவம் மட்டும்தான் போகும் என்றால் அது சின்னது, எவ்வளவு எரிந்தாலும் சின்னது. ஒருத்தருடைய சாப்பாடோ, கூலியோ, உடம்போ, மனுஷ மரியாதையோ போகும் என்றால் அது பெரியது, பார்க்க எவ்வளவு அற்பமாக இருந்தாலும். அந்த ஒருத்தர் நீங்களாகவும் இருக்கலாம்.

இந்த அளவு எல்லா உடம்புக்கும் கச்சிதமாகப் பொருந்தாது. எங்கே இழுக்கிறது, எங்கே தொளதொளவென்று நிற்கிறது என்பதைக் கீழே போகப் போகச் சொல்கிறேன்.

வேதத்துல இதைப் பத்தி நேரடியா எங்கயாவது இருக்கா, இல்ல நம்மளா சொல்லிக்கிடுறதா?

நிறைய இருக்கிறது. மத்தேயு 23இல் பரிசேயரைப் பார்த்து இயேசு, கொசுவை வடிகட்டிவிட்டு ஒட்டகத்தை விழுங்குகிறீர்கள் என்கிறார். லேவியராகமம் 11இன்படி கொசுவும் தீட்டு, ஒட்டகமும் தீட்டு. திராட்சரசத்தைத் துணியில் வடிகட்டிக் குடித்தால் கொசு போய்விடும், ஆனால் கண் முன்னால் நிற்கிற ஒட்டகம்? அதற்கு முந்தின வசனத்தில் விஷயத்தை உடைத்தே சொல்லிவிடுகிறார்: சீரகத்திலும் வெந்தயத்திலும் பத்தில் ஒன்று எண்ணிக் கொடுக்கிறீர்கள், நீதியையும் இரக்கத்தையும் விசுவாசத்தையும் விட்டுவிட்டீர்கள். சீரகத்தைக் கொடுக்காதே என்று அவர் சொல்லவில்லை என்பதையும் கவனியுங்கள், இரண்டையும் செய்யத்தான் சொல்கிறார். பின்னால் ஒரு கேள்விக்கு இது வேண்டும்.

எனக்குப் பிடித்தது யோனா 4ஆம் அதிகாரம். நினிவே நகரத்தைக் கர்த்தர் அழிக்காமல் விட்டார் என்று கோபித்துக்கொண்டு வெளியே உட்கார்ந்திருந்தார் யோனா தீர்க்கதரிசி. ஒரே ராத்திரியில் முளைத்த ஆமணக்குச்செடி மறுநாள் பூச்சி அரித்துக் காய்ந்துபோனது, அதற்கு யோனா சாகிற அளவுக்குக் கோபப்படுகிறார். நினிவேயில் வலது கை இடது கை தெரியாத ஒரு லட்சத்து இருபதாயிரம் பேருக்கு மேல் இருக்கிறார்களே, அவர்களுக்காக நான் பரிதபிக்க வேண்டாமா என்று கர்த்தர் கேட்பதோடு புத்தகம் முடிந்துவிடுகிறது. யோனா என்ன பதில் சொன்னார் என்று எழுதவே இல்லை. கர்த்தர் அந்தக் கோபத்தைத் திட்டி அடக்கவில்லை, "நீ எரிச்சலாயிருக்கிறது நல்லதோ" என்று கேள்விதான் கேட்கிறார். வகுப்பில் பிள்ளைகள் இந்த இடத்தில் சிரிப்பார்கள், நானும் சிரிப்பேன், வீட்டுக்குப் போய்ச் செடிக்குத் தண்ணீர் விடவில்லை என்று வீட்டில் உள்ளவர்களோடு சண்டை போடுவேன்.

அசனத்துல (சபை விருந்துல) எங்க வரிசைக்கு மட்டும் பப்படம் வரல்ல. கேட்டதுக்கு "இதுக்கெல்லாமா சண்டை"ன்னு சொல்லிட்டாங்க. நான் கேட்டது தப்பா?

கேட்டது தப்பில்லை. பந்தியில் உட்கார்ந்தவர் "பப்படம் இல்லை" என்று சொல்வது தகவல்தான். இரண்டாவது தடவை குரல் ஏறிச் சொன்னால் அது வேறு கணக்கில் போய்விடுகிறது, அப்போது நாம் பப்படத்தைக் கேட்கவில்லை. 2022இல் ஆலப்புழைப் பக்கம் ஒரு கல்யாண மண்டபத்தில் பப்படம் கேட்டுத் தொடங்கிய பேச்சு நாற்காலியைத் தூக்கி அடிக்கிற அளவுக்குப் போய்ச் செய்தியில் வந்ததே, எல்லாரும் போனில் பார்த்துச் சிரித்தோம். அங்கே இருந்தவர்களுக்கு அது சிரிப்பாக இருந்திருக்காது. 'என்னை எப்படி விட்டார்கள்' என்பதுதான் உள்ளே ஓடியிருக்கும்.

ஆனால் ஒன்று. வருஷா வருஷம் அதே கடைசி வரிசைக்குத்தான் தீர்ந்துபோகிறது, அந்த வரிசையில் உட்காருவதும் எப்போதும் அதே வீட்டுக்காரர்கள்தான் என்றால், அது பப்படப் பிரச்சினையே இல்லை. பரிமாறுகிறவர்களிடம் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும், அதுவும் முதல் வரிசையில் உட்கார்ந்திருக்கிறவர் சொன்னால்தான் எடுபடும்.

சின்ன விஷயத்தை விடுன்னு சொல்லுதீங்க. "கொஞ்சத்திலே உண்மையுள்ளவன்"னும் இருக்கே? சிறுநரிதான் தோட்டத்தைக் கெடுக்கும்னும் இருக்கே?

லூக்கா 16:10, உன்னதப்பாட்டு 2:15. நல்ல கேள்வி, பத்தாம் வகுப்புப் பையன் ஒருவன் முதலில் கேட்டான், பதில் சொல்ல எனக்கு ஒரு வாரம் ஆனது.

சின்ன விஷயத்தில் உண்மையாக இருப்பது என் கை செய்கிற வேலையைப் பற்றியது. மிச்சத்துணியைத் திருப்பிக் கொடுப்பது, சொன்ன தேதிக்குக் கொடுப்பது, காணிக்கைப் பெட்டியை எண்ணும்போது பத்து ரூபாயும் சரியாக இருப்பது. அதில் எவ்வளவு நுணுக்கமாக இருந்தாலும் நல்லது. சின்ன விஷயத்தைப் பெரிதாக்குவது பெரும்பாலும் மற்றவர் கை செய்ததைப் பற்றியது. நரியை என் தோட்டத்தில் பிடிப்பதற்கு பதில் பக்கத்து விளைக்குள் வேலி தாண்டிப் போய்த் தேடுகிறோம். சீரகத்தைப் பற்றி மேலே சொன்னேனே, அதுவும் இதுதான். உன் சீரகத்தை நீ எண்ணு.

பஸ் கிடைக்கணும், மழை பெய்யாம துணி காயணும்னு எல்லாம் ஜெபம் பண்ணலாமா? கர்த்தருக்கு வேற வேலை இல்லியான்னு தோணுது.

தாராளமாகப் பண்ணலாம். தலைமயிரை எண்ணி வைத்திருக்கிறவருக்கு உங்கள் பஸ் நேரம் பாரமா?

2 தீமோத்தேயு 4ஐப் படித்துப் பாருங்கள். பவுல் சாவை எதிர்நோக்கிக் காவலில் இருந்து எழுதுகிறார், ஓட்டத்தை முடித்தேன் என்கிறார், அதே மூச்சில் துரோவாவில் கார்ப்பு என்பவரிடம் விட்டுவந்த மேலங்கியை எடுத்துவா, குளிர்காலத்துக்கு முன்னே வந்துவிடு என்கிறார். ஒரு அங்கி! தையல்காரியான எனக்கு இந்த வசனத்தில் தனிப் பிரியம் உண்டு. நித்தியத்தைப் பற்றி எழுதின கைக்கும் குளிரும். சின்னத் தேவையைச் சொல்வதில் வெட்கம் வேண்டாம், அது கிடைக்காதபோது யார் மேல் விழுந்து பிடுங்குகிறோம் என்பதில்தான் கவனம் வேண்டும்.

வீட்டுக்குள்ளயே ஒருத்தர்கிட்ட பேச்சுவார்த்தை இல்ல. தப்பு அவங்க மேல. நான்தான் முதல்ல போகணுமா?

ஆமாம். மத்தேயு 5:23இல் உன் சகோதரனுக்கு உன் மேல் குறை உண்டென்றால் காணிக்கையைப் பீடத்தின் முன் வைத்துவிட்டு நீ போ என்று இருக்கிறது. மத்தேயு 18:15இல் உன் சகோதரன் உனக்கு விரோதமாகக் குற்றம் செய்தால் நீ போய்ப் பேசு என்று இருக்கிறது. தப்பு எந்தப் பக்கம் இருந்தாலும் நடக்க வேண்டியது நாம்தான் என்று ஆகிறது. இது எனக்குப் பிடிக்கவில்லை, ஆனால் எழுதியிருப்பது அதுதான்.

என் கதையைச் சொல்கிறேன். மாமியார் போன பிறகு அவர்களுடைய வெண்கல உருளி யாருக்கு என்று பேச்சு வந்தது. கிறிஸ்துமசுக்குப் பாயசம் கிண்டுவது அதில்தான், கடைசி வருஷங்களில் கிண்டினது நான். மூத்த ஓரகத்தி, நான் அக்கா என்று கூப்பிடுகிறவர், ஒரு நாள் யாரிடமும் கேட்காமல் எடுத்துப் போய்விட்டார். 4 வருஷம் பேசவில்லை. ஒரே சபை, ஒரே குடும்பப் பெயர், திருவிருந்துக்கு முழங்காலிடப் போகும்போது எங்களுக்கு நடுவில் இரண்டு பேராவது இருக்கிறார்களா என்று பார்த்து எழுந்து போவேன். பாத்திரத்தை வாங்கும் கையைப் பார்த்து ஐயருக்கு (எங்கள் போதகருக்கு) ஒன்றும் தெரியாது, எனக்குத் தெரியும். பிறகு ஒரு நாள் பேத்தியின் திடப்படுத்தல் ஆராதனைக்கு வெள்ளைச் சட்டை தைக்க வேண்டும், ஞாயிறுக்குள் வேண்டும், வேறு கடையில் முடியாது என்று சொல்லிவிட்டார்கள், அக்கா கடை வாசலில் வந்து நிற்கிறார். பிள்ளைக்கு அளவெடுத்தேன். போகும்போது, "அந்த உருளி விரிசல் விட்டது, உனக்குத் தெரியுமா? கோழிக்குத் தண்ணி வச்சிருக்கேன்" என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவருக்கும்தான்.

இதில் நான் முதலில் போகவில்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். 4 வருஷமாக மத்தேயு 5ஐ வகுப்பில் சொல்லிக்கொடுத்துக்கொண்டும் இருந்தேன்.

ரெண்டு பேரு சண்டைல யார் பக்கம் நியாயம்னு சபைல விசாரிச்சுத் தீர்க்கலாமே? எதுக்கு மூடி மறைக்கணும்?

பிலிப்பியர் 4இல் எயோதியாள், சிந்திகேயாள் என்று இரண்டு பெண்கள். சுவிசேஷ வேலையில் பவுலோடு சேர்ந்து போராடினவர்கள். ஒரே சிந்தையாக இருங்கள் என்று இரண்டு பேருக்கும் தனித்தனியாகப் புத்தி சொல்கிறார், அவர்களுக்கு உதவி செய் என்று இன்னொருவரிடம் கேட்டுக்கொள்கிறார். சண்டை எதற்கு, யார் தொடங்கியது, ஒரு வார்த்தை இல்லை. கிட்டத்தட்ட 2000 வருஷமாக அவர்கள் பெயர் வாசிக்கப்படுகிறது, காரணம் மட்டும் அழிந்துபோனது. உருளியாகக்கூட இருந்திருக்கலாம்.

சில விஷயத்தை விசாரித்தே ஆக வேண்டும், பணம், அடி, பிள்ளைகளின் பாதுகாப்பு போல. மற்றதை விசாரிக்க உட்கார்ந்தால் இரண்டு பேர் சண்டை பதினெட்டுப் பேர் சண்டையாகத்தான் முடிகிறது.

சபை வாட்ஸ்ஆப் குரூப்ல ஒருத்தர் தப்பாப் போடுதாரு. பதில் போடாம இருந்தா ஒத்துக்கிட்ட மாதிரி ஆகாதா?

ஆகாது. உங்கள் பெயரைச் சொல்லிப் பொய் போட்டால் ஒரு தடவை, ஒரு வரியில், அது சரியில்லை என்று போடுங்கள், அப்புறம் நேரில் போய்ப் பாருங்கள். மற்றபடி நீதிமொழிகள் 26:17, தனக்கு அடாத வழக்கில் தலையிடுகிறவன் நாயைக் காதைப் பிடித்து இழுக்கிறவன் மாதிரி. பிடித்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும், விடவும் முடியாது, வைத்திருக்கவும் முடியாது. ராத்திரி 11 மணிக்கு "டைப்பிங்" என்று மேலே ஓடுவதைப் பார்த்துக்கொண்டே படுத்திருப்பதற்கு அதைவிடப் பொருத்தமான வர்ணனை கிடையாது.

நீதிமொழிகள் 17:14 சண்டையின் தொடக்கத்தை மதகைத் திறந்துவிடுவதற்கு ஒப்பிடுகிறது. பேச்சிப்பாறைத் தண்ணீர் கால்வாயில் வருகிற நாளில் மடைப் பலகையைத் தூக்கினவர்களைக் கேளுங்கள், தூக்க ஒரு ஆள் போதும், திரும்பப் போட எத்தனை ஆள் வேண்டும் என்று. கேரல் ஊர்வலம் முதலில் எந்தத் தெருவுக்குப் போகும் என்று ஒரு மெசேஜ், ஒரே வாரத்தில் இரண்டு குரூப் ஆகிவிட்டது எங்களுக்கு. இரண்டிலும் நான் இருக்கிறேன், இரண்டையும் சத்தம் வராமல் வைத்திருக்கிறேன்.

ஒக்கிப் புயல்ல எத்தன பேரு போனாங்க, அதை நினைச்சா நம்ம கவலையெல்லாம் ஒண்ணுமே இல்லன்னு பிரசங்கத்துல சொன்னாங்க. சரிதானா?

பாதி சரி. 2017 நவம்பர் 30 அன்று காற்று அடித்தபோது எங்கள் பக்கம் ரப்பரும் வாழையும் சாய்ந்து கிடந்தன, நாள்கணக்கில் கரண்ட் இல்லை. சபையில் அந்த வாரம் கிறிஸ்துமஸ் ஸ்டார் எந்த உயரத்தில் கட்டுவது என்று இழுபறி. அப்புறம் சின்னத்துறை, வள்ளவிளை, நீரோடிப் பக்கம் கடலுக்குப் போனவர்கள் திரும்பவில்லை என்று செய்தி வரத் தொடங்கியது. அரிசியும் போர்வையும் எடுத்துக்கொண்டு போனோம். கரையில் பெண்கள் கடலைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்கள், பேச்சே இல்லை. திரும்பி வந்த பிறகு ஸ்டாரைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. கொஞ்ச நாளைக்கு. அடுத்த வருஷம் டிசம்பரில் அதே பேச்சு, அதே ஆட்கள்.

அடுத்தவர் துக்கத்தைக் காட்டி நம் கவலையை அடக்கினால் அது ரொம்ப நாள் தாங்காது என்பது எனக்கு அதில் தெரிந்தது. அதோடு, அவர்கள் துக்கம் நம் மனப்பக்குவத்துக்குப் பாடப்புத்தகமா? பவுல் தன் உபத்திரவத்தை லேசானது என்கிறார், 2 கொரிந்தியர் 4:17. ஐந்து தடவை ஒன்று குறைய நாற்பது அடி, மூன்று தடவை மிலாறடி, மூன்று தடவை கப்பற்சேதம் பட்டவர் தன்னுடையதைத்தான் லேசு என்றார். அடுத்தவருடையதை லேசு என்று அவர் சொன்னதில்லை. உங்கள் பிள்ளைக்கு மார்க் குறைந்தது உங்களுக்கு வலிக்கிறது என்றால் வலிக்கட்டும், அதைச் சொல்ல ஒக்கியை விலக்கி வழி கேட்க வேண்டியதில்லை. அந்த மார்க்குக்காகப் பிள்ளையை அடித்தால்தான் பேச்சு மாறுகிறது.

சம்பந்தி வீடு பெந்தெகொஸ்தே, நகை போடாத சபை. மக நகையெல்லாம் கழட்டிட்டா. எங்க ஆட்களுக்கு அவமானமா இருக்கு.

ரோமர் 14. ஒருவன் எல்லாம் சாப்பிடுகிறான், ஒருவன் காய்கறி மட்டும் சாப்பிடுகிறான். சாப்பிடுகிறவன் சாப்பிடாதவனை அற்பமாக எண்ண வேண்டாம், சாப்பிடாதவன் சாப்பிடுகிறவனைக் குற்றவாளியாகத் தீர்க்க வேண்டாம். இரண்டு பக்கத்துக்கும் வேறு வேறு வியாதி, பவுல் சரியாகப் பிடித்திருக்கிறார்: நகை போடுகிறவர்களுக்கு இளக்காரம் வரும், போடாதவர்களுக்குத் தீர்ப்பு வரும்.

முதல் கேள்வியில் சொன்ன அளவை வைத்துப் பாருங்கள். மகள் தன் மனசாட்சிப்படி கழற்றினாள் என்றால் போவது உங்கள் வீட்டுக் கௌரவம் மட்டும், விடுங்கள். அவளைக் கட்டாயப்படுத்திக் கழற்ற வைத்து, அந்த நகை எங்கே போனது என்றும் தெரியவில்லை என்றால் அது உபதேச விஷயமே இல்லை, நேராகக் கேட்க வேண்டிய விஷயம்.

ஆராதனைல மலையாளப் பாட்டு வேண்டாம்னு பெரியவங்க, வேணும்னு சின்னவங்க. இதுவும் அற்ப விஷயந்தானா?

நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். கேரளத்துப் பாறசாலையில் இருந்து மருமகளாக வந்த பிள்ளைகளுக்குத் தமிழ் எழுத்து வாசிக்க வராது, இரண்டு பாட்டு மலையாளத்தில் பாடினால் என்ன போச்சு என்று சபைக் கூட்டத்தில் பேசினேன். ஒரு தாத்தா எழுந்து 1954 ஆகஸ்ட் 11ஐச் சொன்னார். திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்த எங்கள் பக்கம் தமிழ்நாட்டோடு சேர வேண்டும் என்று கேட்டதற்காக மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் போலீஸ் சுட்ட நாள். 1956 நவம்பர் 1 அன்று அப்படிச் சேர்ந்த பிறகு பிறந்த எங்களுக்கு இது பரீட்சைக் கேள்வி, அவருக்கு அப்படி இல்லை. "உனக்கு இது பாட்டு, எனக்கு வேற" என்றார். உட்கார்ந்துவிட்டேன்.

அளவு இழுக்கிற இடம் இது. இரண்டு பக்கமும் வெறும் கௌரவம் இல்லை. 1 கொரிந்தியர் 14இல் பவுல், அந்நிய பாஷையில் பத்தாயிரம் வார்த்தை பேசுவதைவிட புரிகிற ஐந்து வார்த்தை மேல் என்கிறார். அந்த வசனத்தை வைத்து இரண்டு பக்கமும் வாதாடலாம், வாதாடினார்கள். கடைசியில் என்ன செய்தோம் என்றால், மருமகள் பிள்ளைகளுக்குத் தமிழ் எழுத்து சொல்லிக்கொடுக்க அந்தத் தாத்தாவையே கேட்டோம். சனிக்கிழமை சாயங்காலம் ஆறு பேர் போகிறார்கள். மாசத்துக்கு ஒரு மலையாளப் பாட்டு உண்டு, அதற்கு அவர் எழுந்து நிற்பார், வாய் மட்டும் அசையாது.

அண்ணன் வேலி போடும்போது அரை சென்ட் உள்ள தள்ளிப் போட்டுட்டாரு. விசுவாசின்னா விட்டுக்கொடுக்கணுமா, கேஸ் போடலாமா?

அரை சென்ட் என்பது சுமார் 218 சதுர அடி. 80 சென்ட் விளை வைத்திருக்கிறவருக்கு சில வாழை மூடு. மூன்று சென்ட்டில் வீடு கட்டியிருக்கிற விதவைக்கு அது அடுக்களை. அதனால் எவ்வளவு என்று கேட்காமல், யாருடையது என்று கேளுங்கள்.

லூக்கா 12இல் என் சகோதரன் சொத்தைப் பங்கிடும்படி சொல்லும் என்று ஒருவன் வருகிறான், என்னை உங்களுக்குப் பங்கிடுகிறவனாக வைத்தது யார் என்று இயேசு திருப்பி அனுப்பிவிடுகிறார், கூடவே பொருளாசையைப் பற்றி எச்சரிக்கிறார். 1 கொரிந்தியர் 6இல் பவுல், ஏன் அநியாயத்தைச் சகித்துக்கொள்ளவில்லை என்கிறார். இதை வாசித்துக் காட்டுகிறவர்கள் உபாகமம் 19:14ஐயும் வாசிக்க வேண்டும், பிறனுடைய எல்லைக்குறியை ஒற்றிப்போடாதே. கட்டளை கல்லைத் தள்ளினவனுக்கு, கல்லைப் பறிகொடுத்தவனுக்கு இல்லை. நான் பார்த்தவரைக்கும் முதலில் சர்வேயரைக் கூப்பிட்டு அளந்தாலே பாதி தீர்ந்துவிடும், அளக்காமல் பேசுவதுதான் கெடுக்கிறது. உங்களுக்குப் போதுமான அளவு இருந்து, விட்டால் அண்ணனோடு உட்கார்ந்து சாப்பிடலாம் என்றால் விடுங்கள், மனதார. விட்டுவிட்டு ஆயுசு முழுக்கச் சொல்லிக்காட்டப் போகிறீர்கள் என்றால் கேட்டு வாங்கிவிடுவது நல்லது.

"சின்ன விஷயம், விடு"ன்னு எங்க வீட்டுல எப்பவும் என்கிட்டதான் சொல்லுதாங்க. எனக்கு மட்டும்தான் வேதமா?

இந்தக் கேள்விக்காகத்தான் மற்ற எல்லாவற்றையும் எழுதினேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். கடையில் இதைச் சொல்லும்போது குரலைத் தாழ்த்திச் சொல்வார்கள்.

சின்னது என்று சொல்கிறவர் யார் என்று முதலில் பாருங்கள். நம் ஊரிலேயே ஒரு கதை இருக்கிறது. தென்திருவிதாங்கூரில் நாடார் பெண்கள் உட்படப் பல சாதிப் பெண்கள் மேல்சாதிக்காரர் முன்னால் மார்பை மறைக்கக் கூடாது என்று இருந்தது. மிஷன் சபைகளில் சேர்ந்த பெண்கள் குப்பாயம் என்ற மேல்சட்டை தைத்துப் போட்டார்கள், அதற்குச் சந்தையில் வைத்துத் துணியைக் கிழித்தார்கள், கலவரங்கள் நடந்தன. 1859இல்தான் உத்திரம் திருநாள் மகாராஜா நாடார் பெண்கள் எல்லாரும் மேலே உடுத்த அனுமதித்தார், அதுவும் மேல்சாதிப் பெண்கள் உடுத்துகிற மாதிரி உடுத்தக் கூடாது என்ற நிபந்தனையோடு. ஒரு துண்டுத் துணிக்கு இவ்வளவா என்று அன்றைக்கும் யாராவது கேட்டிருப்பார்கள். கேட்டவர் உடம்பில் துணி இருந்திருக்கும். தினமும் ரவிக்கை வெட்டுகிற என் கைக்கு இது சின்ன விஷயமாகத் தெரியவே தெரியாது.

அப்போஸ்தலர் 6இல் கிரேக்கு பேசுகிற விதவைகளுக்குச் சாப்பாடு சரியாகக் கிடைக்கவில்லை என்று முறுமுறுப்பு வந்தது. பந்தி விசாரணைதானே, பெரிய ஊழியம் கிடக்கிறது, சகித்துக்கொள்ளுங்கள் அம்மா என்று அப்போஸ்தலர்கள் சொல்லி அனுப்பவில்லை. ஏழு பேரைத் தெரிந்தெடுத்தார்கள், ஏழு பெயரும் கிரேக்கப் பெயர். முறையிட்டவர்கள் பக்கத்து ஆட்கள் கையிலேயே பொறுப்பு போனது என்று நான் வாசிக்கிறேன். மேலே பப்படத்துக்குச் சொன்ன கடைசி வரிசை ஞாபகம் இருக்கிறதா?

அதனால், விட்டுக்கொடுப்பது எப்போதும் ஒரே ஆள் என்றால் அங்கே நடப்பதற்குப் பெயர் வேறு. அடிக்கிறார், சம்பளத்தைப் பிடுங்குகிறார், அம்மா வீட்டுக்கு விடவில்லை என்பதெல்லாம் முதல் கேள்வியின் அளவில் பெரியதுதான், சந்தேகமே வேண்டாம். ஜெபியுங்கள், கூடவே 181க்குக் கூப்பிடுங்கள், பெண்களுக்கான இலவச உதவி எண். என் கடையில் வந்தும் போன் பண்ணலாம்.

எல்லாம் தெரியுது. ஆனா அந்த நேரத்துல வாய் நிக்கல்லியே?

எலியா செத்துப்போகிறேன் என்று சூரைச்செடியின் கீழ் படுத்தபோது தூதன் பிரசங்கம் பண்ணவில்லை. எழுந்து சாப்பிடு என்றான், மறுபடி தூங்கவிட்டான், மறுபடி சாப்பிடச் சொன்னான். நான் காலையில் இருந்து ஒரு கட்டன்சாயாவோடு மிஷினில் உட்கார்ந்திருக்கிற நாளில்தான் என் வாய் மோசம் என்று கண்டுபிடிக்கவே பல வருஷம் ஆனது. முதலில் கொஞ்சம் கப்பையோ கஞ்சியோ உள்ளே போகட்டும்.

அப்புறம், அளவு எழுதுகிற நோட்டில் கடைசிப் பக்கத்தில் கோபத்தை எழுதி வைப்பேன், தேதியோடு. ஒரு மாசம் கழித்துப் பார்த்தால் பாதிக்கு மேல் என்னவென்றே புரியாது. "பச்சை நூல். அவளா இப்படி!" என்று ஒன்று இருக்கிறது. யார் அவள்?

இவ்வளவு எழுதுதீங்களே அக்கா, இப்போ உங்களுக்கு யார்கூடயும் பிணக்கே இல்லியா?

ஒருத்தர் உண்டு. பாடகர் குழுவுக்கு 24 அங்கி தைத்தோம், நானும் கடையில் நிற்கிற இரண்டு பிள்ளைகளும். கூலி பாதி வந்தது. மீதிக்குக் கேட்கும்போதெல்லாம் பொறுப்பில் இருந்தவர், "கர்த்தருக்குச் செய்ததா நினைச்சுக்கோங்க" என்றார். பிள்ளைகளின் சம்பளத்தை என் கையில் இருந்து கொடுத்தேன். அது கூலி, சின்னது இல்லை, யாக்கோபு 5:4 அதைப் பற்றித்தான் பேசுகிறது, அதனால் மாசா மாசம் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். ஆனால் இப்போது அதில் எவ்வளவு கூலி, எவ்வளவு 'என்னிடமே இப்படியா' என்பது என்று அளந்து சொல்ல எனக்கே முடியவில்லை. ஸ்தோத்திரம் சொன்னால் திருப்பிச் சொல்வேன், அதற்கு மேல் பேச்சு இல்லை.

போன வாரம் அவருடைய மகள் கல்யாண ரவிக்கைக்கு அளவு கொடுக்க வந்தாள். எடுத்துக்கொண்டேன். துணி மேசை மேல் இருக்கிறது, இன்னும் வெட்டவில்லை.